வேலை பார்த்த ஊருக்கு விருந்தாளியாகப் போனேன்

எனக்கு வயசு எழுபத்தொன்று. பெத்தது மூன்று, வளர்த்தது நாலு. பெத்த பிள்ளைகள் வேற, வளர்த்த பிள்ளைகள் வேற. கணக்கு இடிக்கிறதே என்று யாரும் நினைக்க வேண்டாம்.

படிப்பு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு முதுகில் கொழுந்துக்கூடை. என் எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஒரு பொழுது போய்விடும். மகளுடைய மகள் தர்சினி ஷார்ஜாவில் ஒரு ஆபீஸில் வேலை செய்கிறாள். இப்போது நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். இங்கே இருக்கிற நம் ஆட்கள் சேர்ந்து ஒரு பத்திரிகை போடுகிறார்களாம். "சலாலா போய் வந்ததப் பத்திக் குடுங்க அம்மாயி. நீங்க சொல்லுங்க, நான் டைப் அடிச்சுக்கிறேன்" என்றாள். போனது நான், கால் வலித்தது எனக்கு, எழுதுவதையும் நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சலாலா ஓமான் நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கிறது. பெரிய பட்டணம் என்றும் சொல்ல முடியாது, சின்ன ஊர் என்றும் தள்ள முடியாது. அந்த ஊரில் நான் பத்தொன்பது வருஷம் இருந்தேன். வீட்டு வேலை. அத்தனை வருஷத்தில் அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால், ஒரு வீட்டின் அடுப்படி, மொட்டை மாடி, துணி காயப்போடும் கம்பி, ஆஸ்பத்திரி, மூலைக்கடை, பிள்ளைகளோடு காரின் பின் சீட்டில் போய் வந்த கடற்கரை. அவ்வளவுதான். மழைக்காலத்தில் மலை பச்சையாகிவிடும், அருவி விழும், அதைப் பார்க்க நாலா நாட்டு ஜனமும் வரும் என்று வீட்டு ஆட்கள் பேசுவார்கள். அவர்கள் மலைக்குப் போகும்போது சோறும் கறியும் கட்டிக் கொடுத்தது நான். கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டைக் கழுவுவேன்.

அதனால் தர்சினி, "லீவு போட்டிருக்கேன், உங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போறேன், எங்க போகணும்?" என்று கேட்டபோது சலாலா என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "வேல செஞ்ச எடத்துக்கே யாராச்சும் டூர் போவாங்களா அம்மாயி?"

போவார்கள். மலையும் அருவியும் எனக்குச் சாக்கு. நான் பார்க்க வேண்டியது ஷம்ஸாவை.

அரபு வீடுகளில் வீட்டுக்காரியை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்களுக்கு அது அம்மா மாதிரி. நான் ஊருக்குப் போட்ட முதல் கடிதத்தில் 'மாமா நல்ல மாதிரி' என்று எழுதப்போய், எந்த மாமா என்று என் வீட்டுக்காரர் கோபமாகக் கேட்டிருந்தார். அந்த மாமாவுக்கு நாலு பிள்ளைகள். மூத்த மூன்றும் நான் போன பிறகு தவழ்ந்து நடந்ததுகள். நாலாவது ஷம்ஸா. அவள் பிறந்ததிலிருந்து மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனது. நாற்பது நாள் கழிவதற்குள் பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்கள். என் பாயில்தான் படுப்பாள். என் பேர் ராசம்மா. அது அந்த வீட்டில் யார் வாயிலும் வராததால் ரோஸா என்று வைத்திருந்தார்கள். ஆனால் ஷம்ஸா என்னை ரோஸா என்று கூப்பிட்டதில்லை. ம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. ஊரிலிருந்து என் மகள் போனில் கூப்பிடுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுப் பிடித்துக்கொண்டாள். மாமா சிரித்து விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு ஒன்பது வயசிருக்கும்போது நான் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினேன். பிள்ளை அழும் என்று, அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் என்னைக் காரில் ஏற்றினார்கள். அவளுடைய சீருடைச் சட்டை கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து மடித்து வைத்துவிட்டு ஏறினேன்.

பெத்த பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவள் என்று யாராவது எழுதப் புறப்பட்டால், தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவை விட்டு வெளியே வந்து எங்கள் பேரில் வீடு கட்டியது இந்தக் கைதான் என்பதையும் சேர்த்து எழுதட்டும். எனக்கு அதில் குறை இல்லை. ஒரே ஒரு ஆசைதான். ஷம்ஸா வாயால் ஒரு தடவை ம்மா என்று கேட்டுவிட்டு வர வேண்டும். இதைத் தர்சினிக்கும் சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

முதல் நாள் ஊருக்குள் இறங்கும்போதே தூறல். மூடுபனி ரோட்டில் உட்கார்ந்திருந்தது. துபாயிலிருந்தும் ரியாத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் புல்லில் பாய் விரித்து, தூறலில் நனைந்துகொண்டே இறைச்சி சுட்டுத் தின்றார்கள். பெரிய மனுஷர்கள் பிள்ளைகளைப் போல முகத்தை வானத்துக்குக் காட்டி நின்றார்கள். தர்சினியும் குடையை மடக்கிவிட்டுக் கையை விரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மழையில்தான் சாக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு நாங்கள் கொழுந்து பறித்தோம். அதற்கு எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இங்கே அதே மழையில் நிற்க இவர்கள் செலவு செய்துகொண்டு வருகிறார்கள்.

ரோட்டோரத்தில் தட்டிக் கடைகள். இளநீர், வாழைக்குலை, பப்பாளி. இளநீர் வெட்டியவன் வங்காளத்துப் பையன். வழுக்கையைச் சுரண்டித் தரச் சொன்னேன், அரபியில். அவன் நிமிர்ந்து பார்த்து, "பாட்டி அரபியெல்லாம் பேசுது" என்பது போல் பக்கத்துக் கடைக்காரனிடம் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு கரக் தேத்தண்ணி குடித்தோம். தேயிலையைப் பாலில் முக்கி, சீனியைக் கொட்டி, ஏலக்காயைப் போட்டு வேகவைக்கிறார்கள். எங்கள் மலையில் அவ்வளவு பாடுபட்டு வளர்த்த இலைக்கு இப்படி ஒரு சாவு. ஆனாலும் இரண்டு கோப்பை குடித்தேன்.

இரண்டாம் நாள் வாடகைக் காரில் மலைக்குப் போனோம். தர்சினிதான் ஓட்டினாள். பாதி வழியில் ஒட்டகக் கூட்டம் ரோட்டை மறித்துக்கொண்டது. ஹார்ன் அடித்தாள். ஒரு ஒட்டகம் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற பெரியம்மா மாதிரி நிதானமாக நடந்தது. மேலே அருவி பக்கத்தில் காரை ஓரம் கட்டும்போது பின் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அவள் அழுத்த அழுத்தச் சேறு பறந்ததே தவிர வண்டி நகரவில்லை. பக்கத்தில் பாய் போட்டிருந்த குடும்பத்து ஆம்பிளைகள் நாலு பேர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ள வந்தார்கள்.

"நீங்க இறங்கிக்குங்க அம்மாயி" என்றாள் தர்சினி.

இறங்கினேன். அந்தக் குடும்பத்துப் பொம்பிளை என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, பாயில் இடம் விட்டு, கோப்பையில் காவா ஊற்றிக் கொடுத்தாள். காவா என்றால் அவர்களுடைய காப்பி, பால் கிடையாது. நான் உட்கார்ந்திருக்க, ஒரு அரபுப் பொம்பிளை எனக்கு ஊற்றிக் கொடுப்பது அதுதான் முதல் தடவை. அந்த ஊரில் எத்தனையோ ஆயிரம் கோப்பை நான் நின்றுகொண்டு ஊற்றியிருக்கிறேன். அன்றைக்கு அருவியைப் பார்த்ததை விட அந்தக் கோப்பையைத்தான் அதிகம் பார்த்தேன். இப்படியே ஷம்ஸா வீட்டிலும் நடக்கும் என்று மனசு பறக்கத் தொடங்கியது அங்கேதான்.

திரும்பி வரும்போது பழைய மூலைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் கரீம் பாய், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அந்தக் காலத்தில் தமிழில் பேச எனக்கு இருந்த ஒரே ஆள். கடை கண்ணாடிக் கதவு போட்டு மாறியிருந்தது. கல்லாவில் அவரேதான்.

"யாரு, ராசம்மாக்காவா?" மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "முடியெல்லாம் வெள்ளையாப் போச்சேக்கா."

"வெள்ளையாகிறதுக்கு உங்களுக்கு முடியே இல்லையே பாய்."

"வாய் மட்டும் அப்படியே இருக்கு. உக்காருங்க. இது யாரு, பேத்தியா? உங்க அம்மாயி இந்தக் கடைக்கு வந்தா வெங்காயத்த ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்துத்தான் எடுக்கும் தாயி. மத்த சனம் வர்றதுக்குள்ள எனக்கு வேர்த்துரும்."

"இன்னும் ஊருக்குப் போகலையா பாய்?"

"இந்தா போறேன் அந்தா போறேன்னுதான் ஓடுது. போன தடவ போனப்ப பேரன் கேக்குறான், இந்த விருந்தாளி எப்பப் போவாருன்னு." அவரே சிரித்தார்.

மாமா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்தி, கல்லாவைத் துணியால் துடைத்தார். "தெரியாதாக்கா? அவுக மவுத்தாகி நாலஞ்சு வருஷமாச்சே."

மாமா இறந்துபோனது எனக்குத் தெரியாது. எனக்கு யார் சொல்வார்கள், நான் அந்த வீட்டுக்கு என்ன முறை. மாமாவுக்குக் கால் பிடித்துவிட்டது நான், மருந்து கொடுத்தது நான். மாமாவின் பிள்ளைகளுக்கு என் ஊர்ப் பேரும் தெரியாது. கரீம் பாய் தேத்தண்ணி வரவழைத்தார். குடித்தேன். தர்சினி என் தோளில் கை வைத்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

கடையில் சாக்குச் சாக்காக லூபான் வைத்திருந்தார். நம் சாம்பிராணிக்கு அண்ணன் மாதிரி, அந்த மலையில் மரத்தைக் கீறி எடுப்பது. அந்த வாசனைக்குப் பழைய வீடு அப்படியே கண்ணுக்குள் வந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பேரீச்சம்பழம், காவா, பேச்சு எல்லாம் நடக்கும். கடைசியில் மாமா என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் உள்ளே போய்ச் சட்டியில் கரியைப் போட்டு, லூபானைத் தூவி எடுத்து வருவேன். ஒவ்வொருத்தராகப் புகையை முந்தானையில் வாங்கிக்கொண்டு எழுந்து விடுவார்கள். போய் வாருங்கள் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அந்த ஊரில் சாம்பிராணிச் சட்டி வந்துவிட்டால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். மரியாதையாக, மணமாக அனுப்பி வைப்பது.

ஷம்ஸா நாலு வயசில் அந்தச் சட்டியை வெறுங்கையால் தூக்கி விரலைச் சுட்டுக்கொண்டாள். அன்றைக்கே என் பழைய சேலைத் துணியை நாலாக மடித்து, இதை அடியில் கொடுத்துத்தான் பிடிக்கணும் என்று பழக்கினேன். மற்ற வீடுகளில் சட்டியின் கைப்பிடியைத்தான் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் துணி.

ஷம்ஸா கல்யாணமாகிப் புதுக் குடியிருப்புப் பக்கம் இருக்கிறாள் என்றும், சாமான் தன் கடையிலிருந்துதான் போகிறது என்றும் கரீம் பாய் சொன்னார். அங்கேயே போன் போட்டார். ராசம்மா என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு ரோஸா என்றார்.  அதற்கு அவள், நாளைக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பின்னால் வரச் சொல்லுங்கள் என்றாளாம்.

மூன்றாம் நாள் விடிந்ததும் தங்கியிருந்த இடத்து அடுப்பில் தேங்காய் ரொட்டி சுட்டேன். ஷம்ஸாவுக்குச் சோறு வேண்டாம், கறி வேண்டாம், இது போதும். கல்லிலிருந்து எடுக்கும்போதே கையை நீட்டுவாள். மாவில் உப்பு சரியா என்று தர்சினிக்கு நாலு தரம் பார்க்கக் கொடுத்தேன். "பரீட்சைக்கா போறோம்" என்று கேட்டாள். எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டோம்.

பெரிய வீடு, வெள்ளைச் சுவர். காரை விட்டு இறங்கி நான் பாட்டுக்கு நடந்து, சுவரைச் சுற்றிப் போய், பின்பக்கத்து அடுப்படிக் கதவைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. எத்தியோப்பியாக்காரப் பொம்பிளை ஒருத்தி ஏப்ரனோடு கதவைத் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேலைக்கா? இந்த வீட்டில் ஆள் இருக்கிறது. நான் இருக்கிறேன்" என்றாள் அரபியில். குரலில் பயம். எழுபத்தொரு வயசான என்னால் தன் வேலை போய்விடுமோ என்று பயந்தவள் அவள் ஒருத்திதான்.

"அம்மாயி, முன் வாசல் இந்தப் பக்கம்" என்று தர்சினி ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

பொம்பிளைகள் உட்காரும் கூடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். ஷம்ஸாவின் மாமியார் முதலில் வந்தார். பிறகு ஷம்ஸா. நெட்டையாக, மாமாவின் மூக்கோடு, கையில் மருதாணி. கை கொடுத்தாள். அந்த விரலில் தழும்பு லேசாக இருந்தது. நான் பார்த்துவிட்டேன்.

"எப்படி இருக்கிறீர்கள் காலா, பிள்ளைகள் எப்படி, ஊர் எப்படி" என்று அவர்கள் வழக்கப்படி வரிசையாகக் கேட்டாள். காலா என்பது அவர்களுக்குச் சித்தி முறை. வயசான எந்தப் பொம்பிளையையும் அப்படிக் கூப்பிடலாம். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். டப்பாவைக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி, கேக்கும் பேரீச்சம்பழமும் வைத்திருந்த மேஜையில் வைத்தாள். திறக்கவில்லை. எத்தியோப்பியாக்காரி, அல்மாஸ் என்று பேர், காவா ஊற்றினாள். போதும் என்பதற்குக் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டிக் கொடுத்தேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "நம் பழக்கமெல்லாம் தெரிந்திருக்கிறதே" என்றார்.

ஷம்ஸா சொன்னாள்: "எங்கள் உம்மா வீட்டில் வேலை செய்தவர்."

பொய் இல்லை. வேலைதான் செய்தேன்.

பிறகு ஷம்ஸாவும் தர்சினியும் இங்கிலீஷில் பேசினார்கள். ஷம்ஸா சிரித்துக்கொண்டே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தர்சினி என் பக்கம் திரும்பி, "உங்கள ரொம்ப நல்லா ஞாபகம் இருக்குன்னு சொல்றாங்க அம்மாயி" என்றாள். என்ன பேசுகிறீர்கள் என்று மாமியார் அரபியில் கேட்டார். "எனக்கு அப்போது சின்ன வயசு, ஞாபகமில்லை, உம்மா வீட்டில் எத்தனையோ பேர் வந்து போனார்கள் என்று சொன்னேன்" என்று ஷம்ஸா அரபியிலேயே அவருக்குச் சொன்னாள். தர்சினிக்கு அரபி தெரியாது. நான் பேரீச்சம்பழம் ஒன்று எடுத்துத் தின்றேன்.

அப்போது ஷம்ஸாவின் சின்ன மகன் ஓடி வந்து, கம்பள விளிம்பு தடுக்கி முகங்குப்புற விழுந்தான். ஷம்ஸா எழுந்து கையை நீட்டினாள். பிள்ளை அவளைத் தாண்டி ஓடி அல்மாஸின் காலைக் கட்டிக்கொண்டது. அல்மாஸ் தூக்கித் தோளில் போட்டு, அவள் பாஷையில் ஏதோ சொல்லி முதுகைத் தட்டினாள். ஷம்ஸாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு மடியில் வந்து விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஷம்ஸா எழுந்து உள்ளே போனாள். வாசனை முதலில் வந்தது. அப்புறம் அவள் வந்தாள். கையில் சாம்பிராணிச் சட்டி. அல்மாஸை அனுப்பவில்லை, அவளே எடுத்து வந்தாள். என் முன்னால் குனிந்து நீட்டினாள். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. சட்டிக்கு அடியில் ஒரு துணி, நாலாக மடித்தது.

நான் முந்தானையை விரித்துப் புகையை வாங்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் வாங்க வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் வாங்கினேன். அந்தத் துணியை யார் பழக்கினார்கள் என்று அவளுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. நான் கேட்கவில்லை. எழுந்து நின்றேன்.

"இப்பத்தான வந்தோம், கொஞ்சம் இருந்துட்டுப் போலாம் அம்மாயி" என்றாள் தர்சினி மெதுவாக.

"போகலாம் வா. கால் வலிக்குது" என்றேன்.

டப்பாவை அல்மாஸ்தான் கார் வரைக்கும் கொண்டு வந்து கொடுத்தாள். உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். இரண்டு, ஊரில் தங்கச்சி பார்த்துக்கொள்கிறாள் என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. தங்கியிருந்த இடத்துக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். கழுவித் துடைத்து, உள்ளே பேரீச்சம்பழமும் நல்ல வெள்ளை லூபானும் நிரப்பியிருந்தார்கள். வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள், அது அந்த ஊர் மரியாதை. ரொட்டியை யார் தின்றார்கள், தின்றார்களா என்று தெரியாது.

நாலாம் நாள் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். போகிற வழியில் கடல் ஓரமாகக் கொஞ்சம் நின்றோம். முன் சீட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கடல் பெரிசாகத் தெரிகிறது. தர்சினி வீட்டுக்கெல்லாம் போனில் குரல் பதிந்து அனுப்பிக்கொண்டே வந்தாள். "அம்மாயிக்கு என்னா மரியாதை தெரியுமா. அவங்களே கையால சாம்பிராணி போட்டு, அப்படியே குனிஞ்சு நின்னாங்க." என் மகளும் அதைக் கேட்டுவிட்டு, உனக்கு இந்த ஒரு திருப்தி போதும்மா என்று சொன்னாள். ஆமா என்றேன். வந்ததிலிருந்து எல்லாரிடமும் ஆமா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தர்சினி, எழுதி முடித்துவிட்டேன். நீ எனக்கு ஒன்றை மறைத்துச் சொன்னாய், நானும் உனக்கு ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். சரிக்குச் சரி. பிழை திருத்துவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சத்தமாக ஒரு தடவை வாசி. ஷம்ஸா சட்டியோடு வருகிற இடம் வந்தால் நிறுத்தாதே, நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காதே. வாசித்துக்கொண்டே போ.